மூன்று கோட் வார்னிஷ்

கிறிஸ்டி டீச்சர் கையைத் தூக்கியது கொசுவை அடிப்பதற்காகத்தான். பிற்பாடு ஆளாளுக்கு அதற்கு ஒரு வியாக்கியானம் கொடுத்தார்கள். தேவ ஏவுதல் என்றுகூட ஒருவர் சாட்சி சொன்னார். ஆனால் நடந்தது இவ்வளவுதான்: பீர்க்கன்கரணை ஏரிக் கொசு ஒன்று அவள் நெற்றிக்கு மேல் ரீங்காரம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் கையை ஓங்கினாள். அதே நேரம் பார்த்து ஆயர், "நம்ம கோயில் பெஞ்சுக்கெல்லாம் வார்னிஷ் அடிக்க யாராவது முன்வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

"ஸ்தோத்திரம்! கிறிஸ்டி டீச்சர் கை தூக்கியிருக்காங்க!"

ஞாயிறு ஆராதனை முடிந்து நடந்த சபைக் கூட்டம் அது. விளைச்சலில் முதல் பங்கைக் கோயிலுக்குக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை நெருங்கிக்கொண்டிருந்தது. கோயில் பெஞ்சுகளோ உட்கார்ந்து உட்கார்ந்து நிறம் போய், பழைய எலும்பு மாதிரி வெளுத்து, அங்கங்கே சிலாம்பு எழுந்து நின்றன. போன மாதம் ஒரு பட்டுச்சேலையின் ஜரிகையை முந்தானை நீளத்துக்கு இழுத்துவிட்டிருந்தது ஒரு பெஞ்சு. தீபாவளி சமயத்தில் தாம்பரம் வட்டாரத்தில் பெயிண்டரைப் பிடிப்பது குதிரைக்கொம்பு. அதனால்தான் ஆயர் சபையையே கேட்டார்.

கிறிஸ்டி வாயைத் திறந்து மறுப்பதற்குள் ஆண்கள் பக்கம் கடைசி வரிசையில் இன்னொரு கை மேலே இருந்தது.

"ஜாய்சன் தம்பியும்! கர்த்தர் நல்லவர்!" என்றார் ஆயர். சபை கைதட்டியது. கைதட்டின பிறகு எழுந்து நின்று "நான் கொசு அடிச்சேன்" என்று சொல்ல எந்த டீச்சருக்குத்தான் மனசு வரும்?

கிறிஸ்டி தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தொட ஒரு வருஷம் பாக்கி. அம்மா காலமான பிறகு வீட்டில் அவளும் அப்பா சாலமோனும்தான். காலையில் இட்லி, பெருங்களத்தூரில் ரயில், ஒரே ஸ்டேஷன் தள்ளி தாம்பரம், சாயங்காலம் நோட்டுத் திருத்தல், ராத்திரி ஜெபம், தூக்கம். இந்த வாழ்க்கையில் மிச்சமும் விழாது, தசமப் புள்ளியும் வராது. வரன் பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஓய்ந்து போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி தபீதாள் அம்மாகூட, ஒரு காலத்தில் மாதம் ஒரு மாப்பிள்ளையின் போட்டோவோடு வந்துகொண்டிருந்தவள், "இனி கர்த்தர் பார்த்துக்குவார்" என்று கையைக் கழுவிவிட்டாள்.

கூட்டம் கலைந்ததும் வாசல் கேட்டருகே ஜாய்சன் தயங்கித் தயங்கி வந்தான். மின்சார ரயிலில் கார்டு வேலை. அனகாபுத்தூர் வீட்டில் வருஷா வருஷம் அடையாற்றுத் தண்ணீர் விருந்தாளி மாதிரி வந்து தங்கிவிட்டுப் போவதைப் பொறுக்கமாட்டாமல், போன வருஷம்தான் பீர்க்கன்கரணையில் மாடி வீடாகப் பார்த்துக் குடிவந்தவன். நாற்பது தாண்டியும் தனி ஆள். கோயிலில் பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிற ரகம்.

"டீச்சர், உங்களுக்கு வார்னிஷ் அடிக்கத் தெரியுமா?"

"சுத்தமா தெரியாது. நான் கொசு அடிச்சேன்."

அவன் அவளையே ஒரு கணம் பார்த்தான். "நான் ஃபேனை கொஞ்சம் வேகமா வைக்கச் சொல்லலாம்னு கை தூக்கினேன்."

கிறிஸ்டிக்கு அடிவயிற்றில் ஏதோ ஒன்று குபுக்கென்று கிளம்பியது. அடக்கினாள். மூக்கு வழியாக வெளியே வந்தது. அவ்வளவுதான், இரண்டு பேரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அந்தப் பக்கமாகப் போன ஷேர் ஆட்டோக்காரர் வேகத்தைக் குறைத்து என்னவென்று பார்த்துவிட்டுப் போனார்.

காலாண்டு விடுமுறை என்பதால் கிறிஸ்டிக்குப் பள்ளிக்கூடம் இல்லை. ஜாய்சனும் டியூட்டியை மாற்றி வாங்கிக்கொண்டான். பெருங்களத்தூரில் அரிகிருஷ்ணனின் ஹார்டுவேர் கடையில் உப்புத்தாள், பிரஷ், டர்பன்டைன், வார்னிஷ் டின் எல்லாம் வாங்கினார்கள். இரண்டு பேரும் புதுசு என்று கடைக்காரர் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

"நல்லா தேச்சிட்டு அடிங்கமா. ஒரு கோட் போதும். ரெண்டாவது அடிச்சே ஆவணும்னா மொத கோட் முழுசா காயணும். மழை வந்துகினு கீது, சட்டுனு காயாது. அவசரப்பட்டீங்கன்னா பேஜாராயிடும், சொல்ட்டேன்."

"சரிங்கண்ணா" என்று இரண்டு பேரும் நல்ல பிள்ளைகளாகத் தலையாட்டினார்கள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது இவ்வளவு சுகமான வேலை என்று கிறிஸ்டிக்கு யாருமே சொன்னதில்லை. சர் சர்ரென்று தேய்க்கத் தேய்க்க, மேலே இருந்த அழுக்கும் எண்ணெய்ப் பிசுக்கும் பழைய வார்னிஷின் செதிலும் தூளாகக் கொட்டி, உள்ளேயிருந்து இளம்பழுப்பாகப் புது மரம் எட்டிப் பார்த்தது. பெஞ்சின் அடியில் தலைமுறை தலைமுறையாக ஒட்டிவைத்த சூயிங்கம் வேறு. ஜாய்சன் அதை ஸ்க்ரூடிரைவரால் பெயர்த்து எடுத்து, "இது நிச்சயமா நீண்ட பிரசங்கம் இருந்த ஒரு ஞாயிறு" என்றான்.

பாட்டுப் புத்தகத்துக்குப் பின்னால் ஒளிகிறவனுக்கு இவ்வளவு பேச்சு வருமா என்று அவளுக்கு ஆச்சரியம். ஒவ்வொரு பெஞ்சும் முடியும்போது ரயில் அறிவிப்புப் பெண்ணின் குரலில், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு, ஞானப்பாட்டிலிருந்து காணிக்கை வரை செல்லும் மூன்றாவது பெஞ்சு..." என்று ஆரம்பிப்பான். அவள் உப்புத்தாளைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொள்வாள்.

"உங்க வேலை போரடிக்காதா?" என்று ஒரு நாள் கேட்டாள்.

"டிரைவர் வர்றதைப் பார்க்கிறார். நான் போறதைப் பார்க்கிறேன். கடைசிப் பெட்டியில தனியா நின்னுகிட்டு, எல்லா ஊரும் சின்னதாகிக்கிட்டே போறதைப் பார்க்கிற வேலை. போரடிக்கல. ஆனா யார்கிட்டயாவது, அதோ பாருன்னு சொல்லணும்போல இருக்கும். பக்கத்துல ஆள் இருக்காது."

கிறிஸ்டி தேய்த்த இடத்தையே திரும்பத் தேய்த்தாள்.

வீட்டுக்குப் போனபோது சாலமோன் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். "யாரும்மா இது? ரஸ்க்கைப் பொடி பண்ணி மேல கொட்டின மாதிரி இருக்கே." அவள் குளிக்கப் போகிற வழியில் பாடிக்கொண்டே போனாள். அவர் ரேடியோதான் பாடுகிறதோ என்று அதை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

கோயிலைக் கூட்டிப் பெருக்கும் முனியம்மா தினமும் துடைப்பத்தோடு வந்து நின்று கொஞ்ச நேரம் வேடிக்கை பார்ப்பாள். "இன்னா டீச்சர், பெஞ்ச தேச்சிகினு கீறீங்களா, சிரிச்சிகினு கீறீங்களா?"

"ரெண்டும்தான் முனிமா."

வெள்ளிக்கிழமை காலையில் வார்னிஷ் டின்னைத் திறந்தார்கள். முதல் பிரஷ் பட்டதும் கிறிஸ்டி "ஐயோ!" என்றாள். வெளிறிக் கிடந்த மரம் தாகத்தில் தவித்தது மாதிரி வார்னிஷைக் குடித்து, பிரஷ் போன வழியெல்லாம் தேன் நிறத்தில் ஒளிர ஆரம்பித்தது. மரத்தின் ரேகைகள் ஒவ்வொன்றாக, ஏரியில் அலை மாதிரி எழும்பி வந்தன. "இங்க பாருங்க!" என்று அவள் கூப்பிடுவாள். அவன் ஓடி வருவான். "அதோ பாருங்க!" என்று அவன் கூப்பிடுவான். இவள் ஓடுவாள். டர்பன்டைன் நெடிதான் தலைக்கு ஏறியதோ, வேறு எதுவோ, கால் தரையில் படாத மாதிரியே இருந்தது அவளுக்கு.

இப்படி ஓடினால் வேலை சீக்கிரம் முடியாமல் என்ன செய்யும்? மத்தியானத்துக்குள்ளேயே எல்லா பெஞ்சும் முடிந்துவிட்டது. ஆயர் உட்காரும் உயர்ந்த நாற்காலிகூட முடிந்துவிட்டது. இரண்டு பேரும் கையில் பிரஷோடு பெஞ்சு வரிசைகளுக்கு இடையே நடுவழியில் நின்றார்கள். வெளியே தூறல் ஆரம்பித்திருந்தது.

"முடிஞ்சிடுச்சு போல" என்றான் ஜாய்சன்.

"ஆமா. முடிஞ்சிடுச்சு."

யாரும் பிரஷைக் கீழே வைக்கவில்லை. தூறல் மழையானது. அவன் தொண்டையைக் கனைத்தான்.

"டீச்சர், அந்த மூலையில கொஞ்சம் வெளிறின மாதிரி இல்ல?"

மூலை கண்ணாடி மாதிரி பளபளத்துக்கொண்டிருந்தது. ஒரு கழித்தல் குறி விட்டுப் போனாலும் மார்க்கைக் குறைக்கிற கிறிஸ்டி டீச்சர், அந்த மூலையைத் தீர்க்கமாகப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஆமாமா. ரொம்பவே வெளிறிக் கிடக்கு."

அப்படியாக அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் இரண்டாவது கோட் ஏறியது. அரிகிருஷ்ணன் சொன்னது நினைவுக்கு வராமல் இல்லை. வந்தது. இரண்டு பேருக்கும் வந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. சனிக்கிழமை காலையில் கோயில் கதவைத் திறந்தபோது அவன், "பளபளப்பு இன்னும் கொஞ்சம் இருந்தா பண்டிகைக்கு எடுப்பா இருக்கும்" என்றான். "நானும் அதான் நினைச்சேன்" என்றாள் அவள். மழை பிடிவாதமாகப் பெய்துகொண்டிருக்க, மூன்றாவது கோட் ஏறியது.

அன்று சாயங்காலம் பண்டிகைத் தோரணம் கட்ட வந்த முனியம்மா ஒரு பெஞ்சைப் பிடித்து நகர்த்தப் போனாள்.

"டீச்சர்! ஓடியா டீச்சர்! பெஞ்சு என் கைய புட்சிகினு வுட மாட்டேங்குது!"

கிறிஸ்டி ஓடிப் போய் விரலை வைத்தாள். வெல்லப்பாகு, நல்ல கம்பிப் பதம். விரலை எடுத்தபோது கூடவே ஒரு இழை வந்தது. அவளுடைய முகத்தைப் பார்த்து ஜாய்சனும் ஒரு விரலை வைத்தான். இரண்டு பேரும் ஆளுக்கொரு விரலை நீட்டிக்கொண்டு, பயத்தில் வெளுத்துப்போய் நின்றார்கள். பிறகு அவன், "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று மெதுவாக ஆரம்பித்தான். கிறிஸ்டி தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "இந்தக் கூத்த நான் எங்க சொல்லுவேன்" என்று முனியம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

ஆயரிடம் சொல்லிவிடலாம் என்றால் அவர் போன் அணைந்து கிடந்தது. அவர் பொறுப்பில் இரண்டு கோயில். விடிந்ததும் இன்னொரு கோயிலில் ஆராதனையை முடித்துக்கொண்டு நேரே இங்கே வருவார். யோசனை கொடுத்தது சாலமோன்தான். "பேப்பர் விரிச்சுடும்மா" என்று சொல்லிவிட்டு, வாசித்த பிறகும் யாரையும் தொடவிடாமல் அடுக்கி வைத்திருந்த ஒரு மாதத்துச் செய்தித்தாளை, கட்டைப் பிரிக்கும்போது ஒருமுறை தடவிக்கொடுத்து, மகளிடம் நீட்டினார்.

ஞாயிறு காலை மழை நின்று வானம் வெளுத்திருந்தது. பெஞ்சு முழுக்கச் செய்தித்தாள். பீடத்தின் முன்னால் பூசணி, வாழைத்தார், கரும்பு, காலில் கயிறு கட்டின ஒரு சேவல். பண்டிகை என்பதால் சனம் வழக்கத்துக்கு முன்பே நிரம்ப ஆரம்பித்துவிட்டது. முதலில் வந்தவள் தபீதாள் அம்மா, அரக்குக் கலரில் புத்தம் புதுக் காஞ்சிபுரம் பட்டு.

"அம்மா, ஒரு நிமிஷம், அந்தப் பெஞ்சு..." என்று கிறிஸ்டி குறுக்கே பாய்ந்தாள்.

"பார்த்தேன் பார்த்தேன்! என்னமா மின்னுது! இவ்வளவு அழகா அடிச்சிட்டு இந்தக் கந்தல் பேப்பரை எதுக்குடி விரிச்சிருக்கே?" தபீதாள் அம்மா பேப்பரை ஒரு விசிறு விசிறி ஒதுக்கிவிட்டு, பட்டுச்சேலையைச் சரியாக விரித்து, அந்த மினுமினுப்பின் மேல் கம்பீரமாக உட்கார்ந்தாள்.

கிறிஸ்டி நடுவழிக்கு அந்தப் பக்கம் ஜாய்சனைத் தேடினாள். தலைவியைப் பார்த்துச் சனமும் பேப்பரை ஒதுக்கிக்கொண்டிருந்தது. அவன் வரிசை வரிசையாக ஓடி, "பேப்பர் மேலயே உட்காருங்க அண்ணா, ப்ளீஸ் அண்ணா" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான். பாதிப் பேர் கேட்டார்கள். பாதிப் பேர் கேட்கவில்லை. அதற்குள் ஆயர் வெள்ளை அங்கியில் வேர்க்க விறுவிறுக்க வந்து, மூச்சு வாங்கத் தன் உயர்ந்த நாற்காலியில் சாய்ந்தார். இரண்டு நிமிஷம் கண்ணை மூடி ஜெபித்தார். அதற்கப்புறம் சொல்லக் கூடாததைச் சொன்னார்.

"நாம் எல்லாரும் எழுந்து நின்று, முதல் ஞானப்பாட்டைப் பாடுவோம்."

சர்ர்ர்ர்க்!

அந்தச் சத்தத்தை எப்படிச் சொல்வது? நூறு பலாச்சுளையை ஒரே நேரத்தில் பிய்த்தால் அப்படித்தான் கேட்கும். ஆண்கள் பக்கம் எழுந்தவர்கள் பின்னால் செய்தித்தாள் வால் மாதிரி தொங்கியது. பெண்கள் பக்கம் பாதிப் பேர் எழுந்தார்கள், பாதிப் பேர் எழப்பார்த்து மறுபடியும் பொத்தென்று உட்கார்ந்தார்கள். ஆயர் பாட்டைத் தொடங்க இரண்டடி முன்னால் வந்தார். நாற்காலியும் இரண்டடி முன்னால் வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். நாற்காலியும் திரும்பியது.

சேவல் ஒரு கொக்கரிப்புக் கொக்கரித்தது.

எல்லோருடைய பார்வையும் முன்வரிசைக்குப் போனது. தபீதாள் அம்மா பெஞ்சுக்கு ஒரு சாண் மேலே, எழுந்ததும் இல்லாமல் உட்கார்ந்ததும் இல்லாமல், பட்டுச்சேலை பின்னால் கூடாரம் மாதிரி இழுத்துப் பிடித்திருக்க, அந்தரத்தில் நின்றாள். முகம் சிவந்தது. தோள் குலுங்கியது. அழப் போகிறாள் என்று கிறிஸ்டி கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டதோ ஒரு விக்கல். அதற்குப் பிறகு ஒரு கீச்சு. அதற்குப் பிறகு, அறுபது வருஷமாக அந்த உடம்பில் பூட்டிக் கிடந்த அவ்வளவு சிரிப்பும் மடை திறந்து கொட்டியது. "ஐயா... நாற்காலிய விடாதீங்க ஐயா... அது உங்களைத் தேடி வந்திருக்கு..." என்று மூச்சுத் திணறச் சொல்லிவிட்டு மறுபடி பெஞ்சில் விழுந்தாள்.

அவ்வளவுதான். பண்டிகை வெடித்தது. முனியம்மா துடைப்பத்தோடு வாசற்படியில் உருண்டாள். ஆயரே நாற்காலியோடு நின்று, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஆராதனையை வெயில் அடிக்கிற முற்றத்தில் நின்றபடியே வைத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. ஒவ்வொருவராகப் பிய்த்து வெளியே கொண்டுவந்தார்கள். பேப்பரைக் கிழித்தாலும் எழுத்து துணியில் இடம் வலம் மாறிப் பதிந்திருந்தது. "அண்ணா, உங்க பின்னாடி தங்கம் விலை ஏறியிருக்கு!" "அக்கா, உங்க சேலையில வானிலை, இன்னும் ரெண்டு நாள் கனமழையாம்!" ஜாய்சனின் வெள்ளைப் பேன்ட்டில் 'வீடு வாடகைக்கு' என்று இருந்தது. வந்த கூட்டம் எல்லாம் அவனிடம் வாடகை எவ்வளவு என்று விசாரித்தது.

பாட்டு, ஜெபம், காணிக்கை எல்லாம் முடிந்ததும், அங்கியின் பின்புறம் ஒரு நாற்காலி அளவுக்கு ஓட்டையோடு ஆயர் கேட்டார்:

"டீச்சர், நிஜத்தைச் சொல்லுங்க. எத்தனை கோட் அடிச்சீங்க?"

"மூணு, ஐயா."

"மூணா! எதுக்கு?"

கணக்கு டீச்சருக்கு விடை தெரியும். ஆனால் செய்முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியாத விடை. அவள் தரையைப் பார்த்தாள். சனம் அவளைப் பார்த்தது.

"ஐயா." ஜாய்சன் முன்னால் வந்தான். காது நுனிகூடச் சிவந்திருந்தது. "முதல் கோட் பெஞ்சுக்கு. அடுத்த ரெண்டு கோட்... வேலை முடிஞ்சா டீச்சர் வீட்டுக்குப் போயிடுவாங்களேன்னு. அதுக்கு."

தபீதாள் அம்மா, பின்பக்கம் பட்டு கிழிந்த இடத்தை இரவல் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டாள்:

"அது அவரு சொல்ற காரணம். நீ எதுக்குடி அடிச்சே?"

கிறிஸ்டி நிமிர்ந்தாள். இத்தனை வருஷமாக எந்தப் போட்டோவைக் காட்டியும் வராத வெட்கம் ஒன்று கழுத்திலிருந்து மேலேறி வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. இரண்டையும் சேர்த்துத் தாங்க முடியவில்லை.

"அதே காரணம்தாம்மா!"

அப்புறம் அங்கே கிளம்பிய கூச்சலில் சேவல் கயிற்றை அறுத்துக்கொண்டு மதில் மேல் ஏறிவிட்டது. சற்றே காது மந்தமான சாலமோன், "என்ன சொல்றா? என்ன சொல்றா?" என்று பக்கத்திலிருந்தவர் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவர் காதில் கத்தினார். சாலமோன் ஜாய்சனை மேலும் கீழும் பார்த்தார். மகளைப் பார்த்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இதை வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தா என் பேப்பராவது மிஞ்சியிருக்குமே!" என்றார்.

மறுநாள் பள்ளிக்கூடம் திறப்பு. பெருங்களத்தூர் ஸ்டேஷனில் கடற்கரை வண்டி வந்து நின்றபோது கிறிஸ்டி வழக்கமான பெண்கள் பெட்டியை விட்டுவிட்டுக் கடைசிப் பெட்டிக்கு ஓடினாள். அந்த வண்டியில் ஜாய்சனுக்கு டியூட்டி, தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் கார்டு அறையில் அவன் இருக்கிறான். பார்க்க முடியாது, பேசவும் முடியாது. விசில் சத்தம் கேட்டது, வண்டி அசைந்தது. அவள் ஜன்னலோரம் நின்று, பின்னால் போகிற வேப்பமரத்தையும், மாடுகளையும், மாடி வீட்டுத் துணிகளையும், ஒவ்வொன்றும் சின்னதாகிக்கொண்டே போவதையும் பார்த்தாள். அந்தப் பக்கத்திலிருந்து அவனும் இதையேதான் பார்த்துக்கொண்டிருப்பான் என்று நினைத்ததும் உதடு தானாக விரிந்தது. எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரம்மா ஒன்றும் புரியாமல் தானும் சிரித்தாள்.

தாம்பரம் வந்தது. கூட்டம் இறங்கியது, கூட்டம் ஏறியது. சானடோரியம் வந்தது. அடுத்த ஸ்டேஷனில் யாரோ இடித்தபோதுதான் கிறிஸ்டி சுதாரித்துக்கொண்டு பிளாட்பாரத்தில் குதித்தாள்.

கார்டு அறையிலிருந்து பச்சைக் கொடியோடு ஜாய்சன் எட்டிப் பார்த்தான். அவன் கண் அகன்றது.

"டீச்சர்! இது குரோம்பேட்டை!"

"தெரியும்!" என்று கிறிஸ்டி பிளாட்பாரம் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்.

சுத்தப் பொய்.